மரத்தூணில் முள்கம்பி: பத்து வருஷத்தில் எந்தப் பிடி நின்றது

காங்கேயம் பக்கம் கொறங்காட்டுக்கு, அதாவது மாடு மேய்க்கிற மானாவாரிப் புல்காட்டுக்கு, வெளிவேலி என்றால் உயிர்வேலியாக வளர்க்கிற கிளுவை மரம்தான். அதை யாரும் மாற்றப் போவதில்லை, நானும் மாற்றவில்லை. முள்கம்பிக்கு வேலை இருப்பது உள்ளே. காட்டை நாலைந்து துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால்தான் கொழுக்கட்டைப் புல் மறுபடி தழைக்கும். அதற்கு இடைவேலி வேண்டும். கிளுவை பட்டுப்போன சந்துகளை அடைக்க வேண்டும். புதிதாகக் கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) ஊன்றிய இடத்தில், அது தடித்து நெருங்குகிற வரைக்கும் ஒரு காவல் வேண்டும்.

கல்தூண் நட்டால் தலைமுறைக்கும் நிற்கும், உண்மைதான். ஆனால் இடைவேலி என்பது தேவைக்கேற்ப இடம் மாறுகிற வேலி. அதற்குக் கல்லை இறக்கி, ஆள் வைத்துத் தூக்கி நட்டுக்கொண்டிருந்தால் கட்டுபடியாகாது. காட்டிலேயே வெள்வேலும் வேம்பும் நிற்கின்றன. பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது வந்த பனங்கைகளும் (பனை மரச் சட்டங்கள்) கிடந்தன. மூலைக்கும் படல் (வேலிக் கதவு) போடும் இடத்துக்கும் கல், மற்ற எல்லாவற்றுக்கும் மரம் என்று வைத்துக்கொண்டோம். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

வேலியைப் பற்றிப் பேச்சு வந்தால் எந்த மரம் நட்டீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். கம்பியை அதில் எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்கிறவர் குறைவு. ஆனால் எங்கள் காட்டில் வேலி படுத்ததெல்லாம் பெரும்பாலும் தூண் ஒடிந்ததால் அல்ல, கம்பி தூணை விட்டு வந்ததால்தான்.

அப்பா காலத்து முறை, மூன்று அங்குல ஆணியைப் பாதி அடித்துக் கம்பிமேல் மடக்கி விடுவது. எந்தக் கடையிலும் கிடைக்கும், கூலிக்கு வருகிறவருக்கும் கை பழகிய வேலை. அடித்த அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். மாடு வந்து நாலு தடவை கழுத்தை உரசினால் மடக்கு நிமிர்ந்துவிடும். மரத்துக்குள் இருப்பது ஒரே ஒரு கால் என்பதால் ஆணி அப்படியே திரும்பியும் கொள்ளும். இன்னொரு கெடுதல் மெதுவாகத்தான் தெரியவரும். மடக்கும்போது சுத்தியல் கம்பிமேலும் விழுகிறது, அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு நசுங்கி உரிகிறது. இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தால் கம்பி நெடுக நன்றாக இருக்கும், ஆணி மடங்கிய இடத்தில் மட்டும் செம்பழுப்பாகத் துரு வளையம் கட்டியிருக்கும். அந்த வரிசையில் அறுந்த கம்பி எல்லாம் அங்கேதான் அறுந்தது. என்னைக் கேட்டால் இந்த முறைக்கு மதிப்பெண்ணே கிடையாது.

கட்டுக்கம்பி பரவாயில்லை. தூணைச் சுற்றி ஒரு சுற்று, முள்கம்பியைச் சேர்த்துப் பிடித்து, குறட்டால் நாலு முறுக்கு. ஆனால் கட்டட வேலைக்கு விற்கிற கறுப்புக் கம்பி வேண்டாம். வளைக்க இதமாக இருக்கும், பூச்சு கிடையாது, வேலியில் சீக்கிரம் பொடிந்துவிடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியாகக் கேட்டு வாங்க வேண்டும். வழவழப்பான தூணில் கட்டு கீழே வழுக்கும், அதனால் கட்டு உட்காரச் சின்னதாகக் காடி (பள்ளம்) வெட்டுவார்கள். வெட்டும்போது காடியின் கீழ் உதட்டை வெளிப்பக்கம் சரித்து வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் அதில் தேங்கி, தூண் நடுவிலேயே இற்றுப்போகும். பனங்கைக்கு இதைத்தான் இன்றும் செய்கிறோம். பனையின் உயிர் வெளிவட்டத்துக் கறுப்பு நாரில்தான் இருக்கிறது, உள்ளே வெறும் சோறு. வெளிநாரில் ஆணி அடித்தால் நார் ஓடுகிற வாக்கில் பிளக்கும், உள்ளே இறங்கினால் பிடிக்காது.

தூணில் துளை போட்டுக் கம்பியைக் கோத்து விடுவது இன்னொரு வழி. முள் இல்லாத வெறுங்கம்பிக்கு அது சரி. முள்கம்பிக்கு நடக்கிற காரியம் இல்லை, ஒவ்வொரு முள்ளும் துளையில் மாட்டும். நடுவில் ஒரு இடத்தில் அறுந்தால் கடைசித் தூணிலிருந்து உருவ வேண்டும் என்பது தனித் தொல்லை.

சரி, யூ ஆணிக்கு வருகிறேன், அதாவது இரண்டு கால் வரும்படி யூ எழுத்துப் போல வளைத்த ஆணி. இப்போது எங்கள் வேலியில் பெரும்பகுதி இதுதான். கடையில் கிலோக் கணக்கில் நிறுத்துப் போடுவார்கள். வேம்பு போல நடுத்தரக் கட்டைக்கு ஒன்றரை அங்குலம், அதைவிட மெதுவான கட்டைக்கு இரண்டு அங்குலம், வைரம் பாய்ந்த வேலங்கட்டைக்கு ஒன்றேகால் அங்குலமே போதும். பளபளப்பைப் பார்த்து வாங்க வேண்டாம். மின்முலாம் பூசியதுதான் அப்படி மின்னும், அந்தப் பூச்சு மிக மெல்லிசு. உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது கொஞ்சம் மங்கலாக, தடவினால் சொரசொரவென்று இருக்கும். அதுதான் வெளிவேலைக்கு ஆகும்.

ஒரு ஆணியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இரண்டு கால்களின் முனையும் பேனா நிப் போலச் சாய்த்து வெட்டியிருக்கும். ஒரு காலின் வெட்டு முகம் வலப்பக்கம் என்றால் மற்றதன் முகம் இடப்பக்கம். அடிக்கும்போது மரம் அந்த வெட்டு முகத்தைத் தள்ளுவதால் கால் நேராக இறங்காது, எதிர்ப்பக்கம் வளைந்து இறங்கும். இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கம்பி படுக்கையாக ஓடுகிறது, ஆணியின் ஒரு கால் கம்பிக்கு மேலே, மற்றது கீழே. அப்படியே நட்டக்குத்தலாக அடித்தால் இரண்டு காலும் தூணில் ஒரே நார் வரிசையில் இறங்கிக் கட்டையைப் பிளக்கும். கொஞ்சம் திருப்பி அடிக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்புவது? மேல்காலின் வெட்டு முகம் பார்க்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். அப்போது இரண்டு கால்களும் உள்ளே ஒன்றைவிட்டு ஒன்று விலகி விரியும், பிடுங்குவது லேசில் நடக்காது. மற்றப் பக்கம் திருப்பினால் பிடி குறையும். பிடுங்கிய ஆணிகளைப் பார்த்தாலே எது எப்படி இறங்கியது என்று தெரியும்.

அடுத்தது ஆழம். கூலிக்கு வருகிறவர்களிடம் நான் ஓயாமல் சண்டை போடுவது இதற்குத்தான். அவர்கள் கை, ஆணியைக் கடைசி வரை அடித்துக் கம்பியை மரத்தோடு நசுக்கினால்தான் நிற்கும். நல்ல வேலை செய்த திருப்தி அதில்தான் அவர்களுக்கு. ஆனால் ஆணிக்கும் மரத்துக்கும் நடுவில் கம்பி ஓடுகிற அளவுக்குச் சந்து இருக்க வேண்டும். இழுவையைத் தாங்குவது மூலைத் தூணும் அதற்குக் கொடுத்த முட்டுக்கட்டையும்தான். நடுத்தூணுக்குக் கம்பியை அந்த உயரத்தில் வைத்திருப்பது மட்டும்தான் வேலை. இருபது டிகிரி வெயில் ஏறி இறங்கினால் நூறு மீட்டர் கம்பி இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்குகிறது. மாடு ஒரு இடத்தில் சாயும்போது கம்பி நெடுகிலும் கொஞ்சம் கொடுத்தால்தான் அந்த இடம் தாங்கும். நசுக்கி அடித்த தூணில் முழுப் பாரமும் அந்த ஒரு ஆணியில் வந்து விழுகிறது. முள்கம்பியில் இன்னொன்று பார்க்க வேண்டும். முள்ளுக்கு ஒட்டினாற்போல ஆணி அடித்தால் சந்து விட்டும் பயனில்லை, முள் போய் ஆணியில் முட்டி நின்றுவிடும். இரண்டு முள்ளுக்கு நடுவில் அடிக்க வேண்டும். சந்து விட்டால் கழற்றவும் சுலபம், ஆணி பிடுங்கும் சுத்தியலின் நாக்கு உள்ளே போகும். இடம் மாறும் வேலிக்கு இதைவிட என்ன வேண்டும்?

மேடு பள்ளம் உள்ள காடாக இருந்தால் ஆணியின் சாய்வையும் கவனிக்க வேண்டும். பள்ளத்துத் தூணில் கம்பி மேல்நோக்கி இழுக்கும், அங்கே முனை மேல்நோக்கிப் போகிற மாதிரி அடிக்க வேண்டும். மேட்டுத் தூணில் கம்பி கீழ்நோக்கி அழுத்தும், அங்கே முனை கீழ்நோக்கி. பள்ளத்துத் தூணையே கம்பி கிளப்பிவிடப் பார்க்கும் என்பதால், அந்தத் தூண்களுக்கு மட்டும் அடியில் குறுக்குக் கட்டை ஒன்று அடித்துப் புதைக்கிறோம்.

கம்பி தூணுக்கு எந்தப் பக்கம்? பாரம் வருகிற பக்கம். மாடு உள்ளேயிருந்து தள்ளும் என்றால் உள்பக்கம், பக்கத்துக் காட்டு ஆடும் பன்றியும்தான் கவலை என்றால் வெளிப்பக்கம். தள்ளத் தள்ளக் கம்பி தூணில் அழுந்த வேண்டும், ஆணியைப் பிடுங்கக் கூடாது. இருபக்கமும் மாடு மேய்கிற இடைவேலியில் இதற்கு விடை கிடையாது, மாடு அதிக நாள் நிற்கிற பக்கத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். வளைவில் மட்டும் யோசனையே வேண்டாம், கம்பி எப்போதும் வளைவின் வெளிப்பக்கம்.

மரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். பச்சைக் கட்டையில் ஆணி வெண்ணெயாக இறங்கும், அதை நம்பக் கூடாது. கட்டை காயக் காயச் சுருங்கி ஆணி ஆடத் தொடங்கும். பட்டையோடு நட்ட தூணில் நிலைமை இன்னும் மோசம், பட்டை கழன்று விழும்போது ஆணியின் நீளத்தில் கால்வாசி வெளியே நிற்கும். பட்டையை உரித்து, வெட்டிய கட்டையை நிழலில் காயவைத்து அப்புறம் நடுவதே நல்லது. ஆனால் நன்றாகக் காய்ந்த வேலங்கட்டை வேறு மாதிரி. யூ ஆணியை வைத்து அடித்தால் ஆணிதான் மடங்கும். எங்களுக்கு வேலை செய்கிற ஆசாரி முதல் தூணிலேயே சொன்னார்: “வேப்பங்கட்டைக்குச் சுத்தி போதுமுங்க, வேலங்கட்டைக்கு ட்ரில்லு வேணுமுங்க.” ஆணியைவிட மெல்லிய துளை இரண்டு போட்டு, முனையில் கொஞ்சம் கிரீஸ் தொட்டு அடிக்கிறோம். வேலில் துவர்ப்புச் சத்து அதிகம், இரும்பு பட்ட இடம் கருநீலமாகக் கறை பிடிக்கும். பூச்சு இல்லாத ஆணியை அது சீக்கிரம் தின்றுவிடும். வேலிகாத்தான் என்று பேரெடுத்த சீமைக்கருவேலும் வைரம் உள்ள தடித்த கட்டையாக இருந்தால் நன்றாக உழைக்கும். மெல்லிய கழியில் பெரும்பகுதி வெளுப்புத்தான், வண்டு துளைத்து மாவாகக் கொட்டிவிடும். எந்தக் கட்டையானாலும் முதலில் இற்றுப்போவது மண்ணும் காற்றும் சேர்கிற ஒட்டில்தான், ஆணி இருக்கிற உயரத்தில் அல்ல. அந்த ஒட்டுக்கு மட்டும் தார் தடவுகிறோம். கரையானை அது முழுதாக நிறுத்தவில்லை, தள்ளிப்போடுகிறது.

உயிரோடு நிற்கிற மரத்தில் நேரடியாகக் கம்பியை அடிப்பது எங்கள் பக்கம் சாதாரணம். வேலி ஓரம் வேம்பு நின்றால் ஒரு தூண் மிச்சம் என்று நினைப்பார்கள். மரம் தடிக்கும்போது கம்பியை விழுங்கிவிடும். பிறகு கம்பியை மாற்ற முடியாது, இழுத்துக் கட்டவும் முடியாது. மரத்தை விற்கப் போனால் வியாபாரி முதலில் பார்ப்பதே அந்தத் தழும்பைத்தான், அறுவை மில்லில் பிளேடு போய்விடும் என்று அடிமரத்தைக் கழித்துத்தான் விலை பேசுவார். நாங்கள் மரத்தில் ஒரு ரீப்பர் கட்டையை நீள ஆணியால், தலை கொஞ்சம் வெளியே நிற்கும்படி அடித்து, கம்பியை ரீப்பரில் யூ ஆணியால் பிடிக்கிறோம். மரம் தடிக்கத் தடிக்க ரீப்பரை நெகிழ்த்திக்கொள்ளலாம். இளம் கிளுவையில் அடிப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், அடித்த இடத்தில் பால் வடிந்து தடி காய்ந்துவிடும்.

மரத்தூண் வேலியில் பலர் மறக்கிற விஷயம், கம்பிக்கு நில இணைப்பு இல்லை என்பது. இடி கம்பியில் இறங்கினாலோ, அறுந்த மின்கம்பி மேலே விழுந்தாலோ, அந்த மின்சாரம் வேலி நெடுக ஓடிக் கம்பியோரம் நிற்கிற மாட்டைத் தாக்கும். ஐம்பது மீட்டருக்கு ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் ஆழமாக அடித்து, எல்லா வரிசைக் கம்பியோடும் சேர்த்துக் கட்டியிருக்கிறோம். சோலார் மின்வேலி போடுகிறவர்களுக்கு நேர்மாறான கணக்கு. நனைந்த மரம் மின்சாரத்தைக் கசிய விடும், அதனால் கம்பி எங்கேயும் மரத்தைத் தொடாமல் ஒவ்வொரு தூணிலும் இன்சுலேட்டர் வேண்டும், அங்கே யூ ஆணியில் நேராகக் கம்பியை மாட்டக் கூடாது. வீட்டு மின்சாரத்தை வேலியில் கொடுப்பது ஆளையே கொல்லும், சட்டப்படியும் குற்றம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வருஷம் ஒரு தடவை வேலி ஓரமாக நடந்து ஆணிகளைத் தட்டிப் பார்ப்போம். ஆடுகிற ஆணியை அதே துளையில் திரும்ப அடிப்பதில்லை, ஓர் அங்குலம் தள்ளிப் புதுசு. கழற்றியதையும் வெட்டிய கம்பித் துண்டுகளையும் உடனே டப்பாவில் போட்டுவிட வேண்டும். புல்லில் கிடந்தால் மாடு மேய்ச்சலோடு சேர்த்து விழுங்கிவிடும். இரண்டாம் வயிற்றில் தங்குகிற கம்பி முனை அங்கிருந்து இதயம் வரைக்கும் குத்திக்கொண்டு போகும், கண்டுபிடிப்பதற்குள் மாடு எலும்பும் தோலுமாகிவிடும். வேலை முடிந்ததும் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி வேலி நெடுக இழுத்துக்கொண்டு போகிறோம். எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டோம் என்று நினைத்த இடத்திலும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒட்டிக்கொண்டுதான் வருகிறது.