கட்டடத்துக்கு ஏசி: தனி ஆளா, நிறுவனமா?

முதலில் ஒன்று, இங்கே ஏசி என்றால் குளிர்சாதனம் இல்லை, அக்ரெடிட்டட் செக்கர், அதாவது கட்டட டிசைனைச் சரிபார்க்க அங்கீகாரம் பெற்ற எஞ்சினியர். சிங்கப்பூரின் துவாஸில் நாலு மாடிக் கிடங்கு கட்டும்போது "ஏசிக்கு இப்பவே எதுக்குக் காசு?" என்று முதலாளி கேட்டார், நான் விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

டிசைன் எஞ்சினியரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இன்னொரு எஞ்சினியர், அவர் போட்ட கணக்கைப் பார்க்காமல், அடித்தளம், தூண், பீம் எல்லாம் தாங்குமா என்று தானே புதிதாகக் கணக்குப் போடவேண்டும். 1986-இல் சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வேர்ல்ட் இடிந்து 33 பேர் இறந்தார்களே, அதில் கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அடுத்தவர் தாளைத் திருத்துகிறவருக்கு எழுதாமல் விட்ட வரி கண்ணில் படுவது கஷ்டம். 1989 கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இந்த ஏற்பாடு வந்ததே அதனால்தான்.

பெரிய கட்டடத்துக்கு செக்கர் நிறுவனம்தான் வேண்டும், சின்னதற்குத் தனி செக்கர் போதும். எங்கள் கிடங்குக்கு இரண்டும் செல்லும். நிறுவனத்தின் கொட்டேஷன் கூடுதல், ஆள் பலமும் கூடுதல், முதல் சரிபார்ப்பு ஒரு வாரம் முன்னாலேயே முடியும் என்றார்கள். சரி, அது நல்லதுதான். ஆனால் நான் பார்த்தது வேறு: வேலை நடுவில் திருத்தம் வந்தால் யார் உட்கார்ந்து கணக்குப் போடுவார்?

முந்தைய திட்டமொன்றில் நிறுவனம்தான். திருத்தம் வந்த நேரம் முதலில் கணக்குப் போட்டவர் வேலையை விட்டுப் போயிருந்தார், புதியவர் ஃபைலைப் புரிந்துகொள்ளவே மூன்று வாரம்.

அதனால் இந்த முறை தனி செக்கரையே எடுத்தோம். மூலைத் தூணுக்குக் கீழே ஒரு பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளக் கம்பம்) 140 மில்லிமீட்டர் தள்ளி இறங்கிவிட்டது. 75 வரை என்றால் டிசைனிலேயே இடம் விட்டிருப்பார்கள், இது அதைத் தாண்டியது. "அண்ணே, கம்பி கட்டலாமா வேணாமா?" என்று ஃபோர்மேன் காலையும் மாலையும் கேட்கிறார். டிசைன் எஞ்சினியர் பைல் கேப்பை, அதாவது பைல் தலைமேல் தூணைத் தாங்கும் கான்கிரீட் கட்டையைப் பெரிதாக்கி அனுப்பினார். அன்று ராத்திரியே செக்கர் போன் செய்தார்: "கேப் சரி, ஆனா பாரம் இப்போ பக்கத்து பைலுக்குப் போகுதே, அதைப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. பக்கத்துத் தூணின் கேப்போடு ஒரு தரை பீம் போட்டு இணைத்தார்கள், நாலே நாளில் இருவர் கையெழுத்தும் வாங்கித் திருத்திய வரைபடம் கட்டட அனுமதி தரும் அரசு ஆணையமான பிசிஏவுக்குப் போனது. முதல் கணக்கைப் போட்டவரே திருத்தத்தையும் பார்த்ததால்தான் அந்த வேகம்.

தனி ஆளிலும் சிக்கல் உண்டு. எங்களவர் கல்யாணத்துக்காகத் திருச்சிக்குப் போய்ப் பத்து நாள் ஆளே இல்லை, நல்லவேளை அப்போது கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. நிலத்தடித் தளம் தோண்டுகிற வேலையில் எனக்கு அனுபவம் இல்லை. 2004-இல் நிக்கல் நெடுஞ்சாலையில் தற்காலிகத் தடுப்புச் சுவர் சரிந்து நாலு பேர் போனதை நினைத்தால், மண் தெரிந்த செக்கர்களும் உள்ள நிறுவனத்தையே தேடுவேன் என்று தோன்றுகிறது.

எதை எடுத்தாலும் திருத்தத்துக்குக் கட்டணம் உள்ளடக்கமா, தனியா என்று எழுதி வாங்கிவிடுங்கள். நான் வாங்கவில்லை. மூன்றாவது திருத்தத்துக்குத் தனியாக பில் வந்தது, முதலாளி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.