இதயத் தசை அழற்சி: கொரோனாவுக்குப் பிறகா, ஊசிக்குப் பிறகா?

ஊசி போட்ட மூன்றாம் நாள் வீட்டுப் பையனுக்கு நெஞ்சு வலித்தால் யாருக்கும் பதறத்தான் செய்யும். பைசர், மாடர்னா இரண்டும் கொரோனாவுக்கு எதிரான எம்ஆர்என்ஏ வகை ஊசிகள்; அதாவது வைரஸின் ஒரு புரதத்தைத் தயாரிக்கும் குறிப்பை உடலுக்குக் கொடுப்பவை. இவற்றுக்குப் பிறகு மயோகார்டிடிஸ், அதாவது இதயத் தசை அழற்சி, அரிதாக வருவது உண்மை. 2021 ஜூனிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை எச்சரிக்கையாகச் சேர்த்துவிட்டது. ஆகவே இதை வதந்தி என்று ஒதுக்குவது சரியல்ல.

ஆனால் கொரோனாவும் அதே தசையைத் தாக்குகிறது. காக்சாக்கி, இன்ஃப்ளூயன்ஸா போன்ற வைரஸ்கள் இதைப் பல காலமாகவே செய்துவருகின்றன. இங்கிலாந்தில் 3 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஆய்வில், கொரோனா உறுதியானவர்களில் 10 லட்சம் பேருக்குச் சுமார் 40 பேர் வழக்கத்தைவிடக் கூடுதலாக இந்த அழற்சியால் பாதிக்கப்பட்டார்கள். மாடர்னா இரண்டாம் டோஸுக்குப் பிறகு அந்த எண்ணிக்கை 10. பைசர் முதல் டோஸுக்கு 1. இதை மட்டும் பார்த்தால் ஊசி சந்தேகமே இல்லாமல் ஜெயிக்கிறது.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே குழுவின் பிந்தைய ஆய்வில், 40 வயதுக்குட்பட்ட ஆண்களை மட்டும் தனியே எடுத்தால் கணக்கு தலைகீழாகிறது: மாடர்னா இரண்டாம் டோஸுக்குப் பிறகு 10 லட்சத்துக்கு 97, தொற்றுக்குப் பிறகு 16. அப்புறம், பரிசோதனையில் சிக்காத தொற்றுகளையும் சேர்த்தால், தொற்றால் அழற்சி வரும் விகிதம் இன்னும் குறையும். 2021-இல் ஒரு டோஸில் மருந்தின் அளவு பைசரில் 30 மைக்ரோகிராம், மாடர்னாவில் 100 ஆக இருந்தது. ஆபத்தும் பைசரில் குறைவு. 2021 அக்டோபரில் ஸ்வீடன் இளைஞர்களுக்கு மாடர்னாவை நிறுத்திவைத்ததும், டோஸ்களுக்கு நடுவே 8 வார இடைவெளி விடலாம் என்ற யோசனை வந்ததும் இதனால்தான். ஆகவே இளைஞருக்கு ஒரு பதில், அவருடைய பாட்டிக்கு வேறு பதில். இருவருக்கும் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

தசை அழற்சியோடு கதை முடிவதில்லை. ரத்தக் கட்டி, மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு என்று தொற்று விட்டுச்செல்லும் பட்டியல் நீளம். தொற்று வந்து ஓராண்டு வரை இந்த ஆபத்து கூடுதலாக இருப்பதை அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் பார்த்திருக்கிறார்கள். இதோடு எம்ஆர்என்ஏ ஊசியின் ஆபத்தை ஒப்பிட்டால், முதியவர்களுக்கும் ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களுக்கும் நான் தயங்காமல் ஊசியைத்தான் சொல்வேன்.

ஊசிக்குப் பின் வரும் அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும், பெரும்பாலானோர் சில நாளில் தேறிவிடுகிறார்கள். நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத்திணறல் இருந்தால் வாயுப் பிடிப்பு என்று விட்டுவிடாமல் ஈசிஜியும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் உடனே எடுக்க வேண்டும். அழற்சி உறுதியானால், அது ஊசியால் வந்திருந்தாலும் தொற்றால் வந்திருந்தாலும், 3 முதல் 6 மாதம் கடும் உடற்பயிற்சி கூடாது. வலி போய்விட்டதே என்று மறுவாரமே மைதானத்துக்கு ஓடும் பையனைத்தான் வீட்டில் பிடித்து உட்கார வைக்க வேண்டும்.