கொடி ஏற நார்க் கம்பா, பாசிக் கம்பா?

மணி பிளான்ட், மான்ஸ்டெரா போன்ற கொடிகளைத் தொங்கவிட்டால் இலை சிறுத்துக்கொண்டே போகும். பற்றி ஏறவிட்டால் போகப்போகப் பெரிதாகும். எதைப் பற்ற வைப்பது என்பதில்தான் குழப்பம். நான் ஸ்பேக்னம் மாஸ் எனும், நீரைத் தேக்கிவைக்கும் பாசியை நிரப்பிய பாசிக் கம்பின் பக்கம்.

நார்க் கம்பு விலை குறைவு, சுத்தமானது, நட்டதும் வேலை முடிந்தது. ஆனால் பெரும்பாலும் அது பிளாஸ்டிக் குழாய் மேல் சுற்றிய மெல்லிய தென்னை நார்தான். தெளித்த தண்ணீர் சீக்கிரமே உலர்ந்துவிடும். கணுவிலிருந்து நீளும் காற்றுவேர் நுனி காய்ந்து நின்றுபோகும். கொடியைத் தாங்கும், அவ்வளவுதான்.

பாசிக் கம்பில் அதே வேர் உள்ளே புகுந்து கிளைவிட்டு நீரை உறிஞ்சும். அந்தக் கூடுதல் வேர்கள் இலை பெருக்க உதவும். பாசியை அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, 6 முதல் 8 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் வலைக்குழாயில் தளர்வாக நிரப்புங்கள். இறுக்கி அடைத்தால் காற்றோட்டம் போய் வேர் அழுகும். கொடியின் வேர் முளைக்கும் பக்கம் கம்பைத் தொட வேண்டும், இலைப் பக்கம் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். தண்டைக் கட்டுங்கள், இலைக்காம்பைக் கட்டினால் இலை திரும்ப முடியாமல் முறியும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஈரம். பாசி ஒருமுறை முழுதாக உலர்ந்தால் சுருங்கிவிடும். ஊற்றும் தண்ணீர் அதில் ஊறாமல் ஓரமாக வழிந்து ஓடும், உள்ளே போன வேரும் கருகும். மேலே தெளிப்பது போதாது. பாட்டில் மூடியில் சிறு துளையிட்டு, கம்பின் உச்சியில் கவிழ்த்துச் செருகினால் சொட்டுச் சொட்டாக இறங்கி அடிவரை நனையும். அந்த நீர் கடைசியில் தொட்டிக்குத்தான் வரும். எனவே தொட்டிக்குத் தனியாக ஊற்றும் முன் மண்ணில் விரல் விட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஊற்றி வேரை அழுகவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

கொடி உச்சியைத் தாண்டினால் கம்போடு சேர்த்துப் பாதியில் வெட்டி, மேல்பாதியை அப்படியே நட்டுவிடலாம்; அதற்கு ஏற்கெனவே வேர் உண்டு. நார்க் கம்பில் வெட்டினால் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் வெறும் தண்டு.

மெதுவாக வளரும் வெல்வெட் இலை ஃபிலோடென்ட்ரான்களுக்கு இதே அளவு பலன் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அடிக்கடி வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகிறவர்களுக்குப் பாசி சரிவராது. அவர்கள் நார்க் கம்பைவிட, வார்னிஷ் அடிக்காத சொரசொரப்பான மரப்பலகையில் கட்டலாம். இலை பெருக்க நாளாகும். ஆனால் வேர் பலகையைப் பிடித்துக்கொள்ளும், அதை நனைக்கும் வேலையும் இல்லை.