டெனாலி மேலே பறக்க: சிகரச் சுற்றா, பனியாற்றில் இறங்குவதா?

அலாஸ்காவின் டால்கீட்னாவிலிருந்து கிளம்பும் மலைச்சுற்று விமானங்களில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், பனியாற்றில் இறங்கும் பயணத்தை எடுங்கள். எங்கும் இறங்காமல் டெனாலி மலையின் உச்சியைச் சுற்றிவரும் சிகரச் சுற்று இரண்டாம்பட்சம்தான்.

டெனாலியின் உயரம் 20,310 அடி. (அமெரிக்க அரசு 2025-இல் மெக்கின்லி என்ற பெயருக்கே திரும்பிவிட்டது, ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் டெனாலிதான்.) சிகரச் சுற்றில் விமானம் ஏறத்தாழ 20,000 அடி வரை ஏறும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு என்பதால், உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்காத சிறு விமானத்தில் எல்லோருக்கும் ஆக்சிஜன் கொடுத்தாக வேண்டும். மூக்கடைப்போ சளியோ இருந்தால் இறங்கும்போது காது வலி வாட்டிவிடும். கோடையில் மூன்று நாளுக்கு ஒரு நாள்தான் மலை முழுதாக முகம் காட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரே ஒரு சூழலில் சிகரச் சுற்று ஜெயிக்கும்: தாழ்ந்த மேகம் பள்ளத்தாக்குகளை மூடியிருக்க, மேலே உச்சி மட்டும் வெயிலில் நிற்கும் நாட்களில்.

இறங்கும் பயணம் சுமார் ஒன்றரை மணி நேரம். அதில் பனியில் நிற்பது இருபது முப்பது நிமிடம். வழி பெரும்பாலும் ரூத் பனியாற்றின் ‘கிரேட் கோர்ஜ்’ என்ற பெருங்கணவாய் வழியாக. இதற்காகத்தான் இந்தப் பயணமே. சுமார் ஒரு மைல் அகலம். இருபுறமும் கருங்கல் சுவர்கள் பனிக்கு மேல் 5,000 அடி வரை எழும்புகின்றன. கீழே பனியின் ஆழம் மட்டும் ஏறக்குறைய 3,800 அடி. அந்தப் பனி ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் அளவுக்கு நகர்கிறது. நீளவாக்கில் ஓடும் கறுப்புக் கோடுகளைக் கவனியுங்கள்: இரண்டு பனியாறுகள் சேரும்போது அவற்றின் கரையோரக் கற்குவியல்கள் நடுவில் ஒன்றாகி வருவது அது. கோடுகளை எண்ணினால் மேலே எத்தனை கிளைகள் கலந்தன என்று தெரியும்.

கணவாயைத் தாண்டியதும், இறங்கும் இடமான ஷெல்டன் ஆம்பிதியேட்டர் என்ற மலை சூழ்ந்த பனிவெளி, சுமார் 5,800 அடியில். விமானத்தின் சக்கரத்தோடு சறுக்குப் பட்டையும் இருக்கும்; பனிக்கு வரும்போது விமானி ஹைட்ராலிக் பம்ப்பால் பட்டையைச் சக்கரத்துக்குக் கீழே இறக்குவார். சரிவில் மேல்நோக்கி இறங்கி, கீழ்நோக்கி ஓடிக் கிளம்புவார். பனியில் போடும் மேல்காலணியை நிறுவனமே தரும்; உங்கள் ஷூவுக்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம். விமானி காட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள். பிளவுகளை மெல்லிய பனி மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் இறங்கவே கூடாது.

ரத்தாவதற்கு மழைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். மேகமூட்டத்தில் நிழல் விழாத வெள்ளைப் பனி இன்னும் மோசம்: தரை எத்தனை அடி கீழே இருக்கிறது என்று விமானியால் மட்டுக்கட்ட முடியாது. ஊரில் வானம் பளிச்சென்று தெரிந்தும் “இன்று இறங்க முடியாது” என்றால் வாதாடாதீர்கள். டால்கீட்னாவில் இரண்டு நாள் வைத்துக்கொண்டு, முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள். தள்ளிப்போனால் அடுத்த நாள் கையில் இருக்கும். காலைக் காற்று பொதுவாக அமைதி. வெயில் ஏற ஏற ஆட்டம் கூடும். குமட்டும் உடம்புக்காரர்கள் மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். ஆட்டம் தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை.

மே, ஜூன் என்றால் இறங்கும் பனி உறுதியாக இருக்கும். காஹில்ட்னா பனியாற்றுப் பக்கம் சுற்றினால் 7,200 அடியில் மலையேறிகளின் கூடாரங்களும் தெரியும். ஜூலைக்குப் பிறகு கீழ்ப்பகுதியில் நீலக் குட்டைகளும் திறந்த பிளவுகளும் அழகு. ஆனால் பனி உருக உருக இறங்கும் வாய்ப்பு குறையும்.

இங்கே பறக்கும் ஓட்டர், பீவர் ரகச் சிறு விமானங்கள் இரண்டுமே இறக்கை மேலே உள்ளவை. கீழே பார்க்கத் தடையில்லை. எடை கேட்டால் உடையோடும் கேமராப் பையோடும் சேர்த்து உண்மையைச் சொல்லுங்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை அந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது, முன்சீட்டு கேட்டு வாங்க முடியாது. கறுப்புச் சட்டை போட்டால் ஜன்னலில் பிரதிபலிப்பு குறையும். கேமராவில் போலரைசர் ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். அதோடு எடுத்தால் பிளாஸ்டிக் ஜன்னல் படத்தில் வானவில் பட்டைகளாக விழும். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையாமல் இருக்கட்டும்; லென்ஸை ஜன்னலில் சாய்த்தால் எஞ்சின் அதிர்வு படத்தில் ஏறிவிடும்.

தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் டிக்கெட்டில் சேர்ந்திருக்கிறதா, கிளம்பிய பின் இறங்க முடியாமல் போனால் இறங்கும் பங்குப் பணம் திரும்புமா என்ற இரண்டையும் பதிவு செய்யும்போதே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.