ஈப்போ ஓட்டமும் கிளம்பாத பேருந்தும்

வேலையிடத்துத் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணே, வெளியூர் ஹேஷ் ஓட்டத்துக்கு 280 வெள்ளி கட்டலாமா?" ஏழு வருஷமாகக் கோலாலம்பூரில் வாராவாரம் ஓடுகிறேன். அப்படி ஓர் ஓட்டத்துக்கு ஈப்போ போய்வந்து இன்னும் சூடு ஆறவில்லை. அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

ஹேஷ் எப்படி நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். முன்னால் போகிறவர் காகிதம் போட்டுக்கொண்டே போவார், நாம் அதைத் தேடி ஓடுவோம். இதன் உயிரே 'செக்'கில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் தடம் அறுந்துவிடும். வேகமானவர்கள் நாலு பக்கமும் ஓடித் தேட வேண்டும். அவர்கள் பொய்த்தடத்தில் போய்த் திரும்புவதற்குள் மெதுவாக வருகிறவர்களும் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஊரில் நமக்குக் காடு பழகிப்போனது, செக் எங்கே வரும் என்று பாதி ஊகித்துவிடலாம். தெரியாத ஊரில் அது நடக்காது. 280 வெள்ளியும் அதற்குத்தான் தகும்.

சனிக்கிழமை மாலை, சுண்ணாம்புக் குன்று ஒன்றின் அடிவாரத்தில் இரண்டாவது செக். இளவட்டங்கள் மேட்டில் பாய்ந்தார்கள். எழுபதைத் தாண்டிய ஒரு சீனப் பெரியவர் கையிலிருந்த குச்சியை ஊன்றி மேட்டைப் பார்த்தார். "தடம் போட்டவனுக்கு முழங்கால் வலி, ஏறியிருக்க மாட்டான்" என்று மலாயில் சொல்லிவிட்டு இடப்பக்கம் பழைய ரப்பர்த் தோட்டத்துக்குள் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். மூன்றாவது நிரையில், துருப்பிடித்த கம்பியில் தொங்கிய, ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குக்குள் மடித்து வைத்த வெள்ளைக் காகிதம். தடம் கிடைத்துவிட்டது என்பதற்கு ஹேஷில் கூவும் "ஆன் ஆன்!" என்று அவர் கத்தினார் பாருங்கள், குன்றே திருப்பிக் கத்தியது. என் அப்பா பால் வெட்டியவர், சின்ன வயதில் நான் மங்கு துடைத்திருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு விலையே கிடையாது.

1938-ல் கிஸ்பர்ட் என்பவரும் கூட்டாளிகளும் கோலாலம்பூரில் தொடங்கியது இது. சங்கத்தின் பழைய நோக்கங்களில் ஒன்று, 'நினைக்கிற அளவுக்கு உங்களுக்கு வயதாகவில்லை' என்று மூத்த உறுப்பினர்களை நம்பவைப்பது. அந்தப் பெரியவரைப் பார்த்தபோது அது வெறும் எழுத்தல்ல என்று புரிந்தது.

இனி பேருந்து. ஓட்டம் ஆறரைக்கு முடிந்தது. ஏழேகாலுக்கு, இருட்டும் நேரத்தில், வட்டம் கூடினார்கள். வந்த ஒவ்வொரு ஊர்க் குழுவையும் நடுவில் நிறுத்திப் பாட்டு, பிறகு ஒரே மடக்கில் பீர். நான் குடிப்பதில்லை, சோடா கொடுத்தார்கள், யாரும் வற்புறுத்தவில்லை. அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் வட்டம் முடியாமல் ஒரு பேருந்தும் கிளம்பாதாம். நாலு பேருந்து நின்றன. ஒன்றை முன்னால் அனுப்பினால் என்ன? மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் "இதோ, கொஞ்ச நேரம்". ஊரில் என்றால் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அங்கே எந்த ரோடு எங்கே போகும் என்றே தெரியாது, கைப்பேசியில் சிக்னலும் இல்லை. அட்டை கடித்த கணுக்காலில் ரத்தம் நிற்காமல் கசிந்தது.

மூத்த ஓட்டக்காரர் என்று அந்தப் பெரியவரை நடுவில் நிறுத்திக் கைதட்டினார்கள். அப்புறம் அவரை யாரும் கவனிக்கவில்லை. ஈரச் சப்பாத்தோடு பூட்டிய பேருந்தின் படியில் உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது ஐம்பதுக்குத்தான் வண்டி நகர்ந்தது.

நடத்தியவர்கள் சம்பளம் இல்லாமல் உழைத்தவர்கள். அந்தக் காட்டில் எத்தனை நாள் நடந்து அந்தத் தடத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சாப்பாடு நிறைவு. ஞாயிறு காலை பழைய நகரில் சின்ன ஓட்டம், வெள்ளைக் காப்பி, லிட்டில் இந்தியாவில் தோசை, எல்லாம் சரி. ஆனாலும் களைத்த மனிதரை இருட்டில் இரண்டரை மணி நேரம் உட்காரவைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதனால் தம்பி, கட்டாதே. முதலில் இங்கேயே ஒரு மாதம் ஓடிப் பார். சில குழுக்களில் இன்னும் ஆண்கள் மட்டும்தான், தங்கச்சியும் வருவதாக இருந்தால் கேட்டுக்கொண்டு சேர். இல்லை, போயே தீருவேன் என்றால் சொந்தக் காரில் போ. பின்சீட்டில் எனக்கும் ஓர் இடம் வை.