டம்மி அவுட்புட்டில் தொடங்கிய கதை: லினக்ஸ் ஒலி டிரைவருடன் சில வருடங்கள்

2021 கடைசியில் ஒரு மடிக்கணினி வாங்கி டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேரை, அதாவது சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருளை, பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றினேன். ஒலிக்கும் அப்படி ஒன்று வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை. அமைப்புகளைத் திறந்தால் 'டம்மி அவுட்புட்' என்று ஒரே வரி, அதாவது ஒலி வெளிவர உண்மையான சாதனம் எதுவும் இல்லை.

வழக்கமாக எல்லோரும் சொல்வது, அல்சாமிக்சர் என்ற ஒலியளவுக் கருவியைத் திறந்து 'எம்எம்' என்று காட்டும் இடத்தில் எம் விசையை அழுத்தி மியூட்டை எடு என்பதுதான். அட்டை இருந்தால்தானே மியூட்டை எடுக்க? ஒலி அட்டைகளைப் பட்டியலிடும் 'ஏபிளே மைனஸ் எல்' கட்டளையை அடித்தபோது ஒலி அட்டையே இல்லை என்று பதில் வந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் பதிவில்தான் விஷயம் கிடைத்தது: 'சோஃப்' ஃபர்ம்வேர் கோப்பைக் காணவில்லை.

உள்ளே இருப்பது சாதாரண ரியல்டெக் கோடெக், அதாவது ஒலியை மாற்றித் தரும் சிப். எச்டிஏ என்ற பழைய ஒலி டிரைவரே அதற்குப் போதும். ஆனால் இந்த வகை மடிக்கணினிகளில் திரைக்கு மேலே இருக்கும் டிஜிட்டல் மைக் அந்தக் கோடெக்குடன் இணைக்கப்படுவதில்லை. அதன் கம்பி நேராக இன்டெல் சிப்செட்டில் உள்ள டிஎஸ்பி என்ற ஒலிச் செயலிக்குப் போகிறது. மைக் அங்கே இருப்பதைப் பார்த்ததும் கர்னல் தானாகவே பழைய டிரைவரை விட்டுவிட்டு சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர், சுருக்கமாக சோஃப், டிரைவரைத் தேர்ந்தெடுக்கிறது. ஃபர்ம்வேர் கோப்பு இல்லாவிட்டால் அது படுத்துவிடும். அதோடு ஸ்பீக்கரும் போய்விடும்.

முறையான வழி, டெபியனில் கட்டற்றவை அல்லாத மென்பொருள்களுக்கான நான்-ஃப்ரீ பிரிவைச் சேர்த்து சோஃப் ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவுவது. நான் குறுக்கு வழியில் போனேன். டிரைவர்களுக்கான அமைப்புகள் இருக்கும் மோட்ப்ரோப் கோப்பகத்தில் ஒரு கோப்பு, அதில் ஒரே வரி: டிஎஸ்பி டிரைவர் என்ற அளவுருவின் மதிப்பு 1. எச்டிஏ டிரைவரையே பயன்படுத்து என்று அர்த்தம். மறுதொடக்கம் செய்ததும் பாட்டு கேட்டது. உள் மைக் மட்டும் இல்லை. இயர்போன் செருகினால் அதிலுள்ள மைக் வேலை செய்தது. அது கோடெக் வழியாக வருவதுதானே. சரி, போதும் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் காலத்தில் இன்னொரு தொல்லை. பேட்டரியில் ஓடும்போது ஒவ்வொரு ஒலிக்கு முன்னும் பின்னும் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம். டிரைவரின் மின்சேமிப்பு அமைப்பான பவர்சேவின் மதிப்பு 1 என்றிருந்தால், ஒரு நொடி வேலை இல்லையென்றாலே கோடெக் தூங்கப் போய்விடும். எழும்போதும் படுக்கும்போதும்தான் அந்த டப். மதிப்பை 0 ஆக்கினேன், நிற்கவில்லை. சார்ஜரைப் பிடுங்கும் ஒவ்வொரு தடவையும், நான் நிறுவியிருந்த பேட்டரி சேமிப்புக் கருவி அதைத் திரும்ப 1 ஆக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கருவியின் அமைப்பிலும் மாற்றிய பிறகே அடங்கியது. பேட்டரி ஓடும் நேரத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

2023 ஆகஸ்டில் டெபியன் 12க்கு மாறினேன். ஃபர்ம்வேருக்கென்றே இப்போது தனிப் பிரிவு இருக்கிறது. அதைச் சேர்த்து சோஃப் தொகுப்பை ஒழுங்காக நிறுவினேன். மைக் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. ஒலியைக் கையாளும் பைப்வயரைச் சந்தேகப்பட்டு மறுபடி நிறுவினேன், அதன் துணையான வயர்பிளம்பரின் அமைப்புகளை அழித்தேன், பயாஸில் மைக் அணைந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். சாயங்காலம் மோட்ப்ரோப் கோப்பகத்தைத் துழாவியபோது 'டெம்ப்' என்ற பெயரில் ஒரு கோப்பு. எழுதியது நான்தான், பழைய டிரைவரையே பயன்படுத்தச் சொல்லும் அந்த ஒரே வரி. எதற்கு என்று ஒரு குறிப்புகூட உள்ளே இல்லை. அழித்துவிட்டு மறுதொடக்கம் செய்தால், 'டிஜிட்டல் மைக்ரோஃபோன்' சமத்தாக வந்து நிற்கிறது.

பழைய டிரைவர் ஓடாததால் அதற்காக எழுதிய பவர்சேவ் வரிக்கும் வேலையில்லை. அதையும் தூக்கிவிட்டேன். இப்போது அந்தக் கோப்பகத்தில் ஒலி சம்பந்தமாக என் கைப்பட எழுதியது எதுவும் இல்லை. புதிதாக ஏதாவது எழுதினால், மேலே தேதியும் கர்னல் பதிப்பும் போட்டு, எந்தக் கோளாறுக்காக என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

மைக் வந்த அன்றே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். “கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குடா” என்றார். அல்சாமிக்சரில் எஃப்4 அழுத்திப் பதிவு அளவுகளுக்குப் போய், டிஜிட்டல் மைக்கான 'டிமைக்0' அளவை ஏற்றி, அல்சாகன்ட்ரோல் ஸ்டோர் கட்டளையால் சேமித்தேன். அடுத்த அழைப்பில் பின்னால் ஓடும் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து கேட்கிறதாம்.