எச்எஸ்எஸ் 1500: எண்ணெய்க் கணக்கில் தோற்ற கப்பல்

கார் ஏற்றும் கேட்டமரான், அதாவது இரட்டை உடல் கப்பல் என்றாலே, ஸ்டெனா நிறுவனம் ஓட்டிய எச்எஸ்எஸ் 1500 என்ற அதிவேகக் கப்பல் வகை தேறியதா இல்லையா என்ற கேள்வி வந்துவிடுகிறது. 126 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம், 1500 பயணிகள், 375 கார் என்பதெல்லாம் தெரிந்ததுதான். ஓட்டத்தில் எப்படி இருந்தது என்பதுதான் விஷயம்.

எரிச்சலூட்டியது எண்ணெய்ச் செலவு. ஒவ்வொரு உடலிலும் பெரிய எஞ்சின் எல்எம்2500 ஒன்று, சிறிய எஞ்சின் எல்எம்1600 ஒன்று. ஆக நான்கு கேஸ் டர்பைன் (விமான எஞ்சின் போன்றது), சுமார் 68 மெகாவாட். கிலோவாட்-மணிக்கு 230 கிராம் என்று வைத்துக்கொண்டாலே முழு வேகத்தில் மணிக்குப் பதினைந்து டன்னுக்கு மேல் போய்விடும். அதுவும் மலிவான கனரக எண்ணெய் ஆகாது, சுத்தமான டீசல் ரகம்தான் ஊற்ற வேண்டும். போதாததற்கு, கடல் காற்றின் உப்பு கம்ப்ரசர் பிளேடில் படிந்தால் திறன் இறங்கும். அடிக்கடி கழுவியாக வேண்டும்.

வேகத்தைக் குறைத்தால் மிச்சம்தானே? நினைத்த அளவுக்கு இல்லை. டர்பைனுக்கு அரைச்சுமை ஆகவே ஆகாது, ஒரு கிலோவாட்டுக்கான செலவு ஏறிவிடும். பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று பூட்டியதே அதற்காகத்தான். மெல்லப் போகச் சிறியது மட்டும், நடு வேகத்துக்குப் பெரியது மட்டும், மணிக்கு 40 கடல்மைல் என்ற முழு வேகத்துக்கு இரண்டும். அருமையான ஏற்பாடு. ஆனால் வேல்ஸின் ஹோலிஹெட்டிலிருந்து அயர்லாந்தின் டன் லேரிக்கு 99 நிமிடம் என்பதற்காகத்தானே ஜனம் டிக்கெட் எடுத்தது? எண்ணெய் விலை ஏறியதும் அதே பயணத்தை இரண்டு மணி நேரத்துக்கு இழுத்தார்கள். கூடுதல் விலை கேட்க வேறு என்ன காரணம் மிச்சம்? 1999 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே வரியில்லா விற்பனையும் நின்றதால், கப்பலில் இருந்த கடை வருமானமும் கைகொடுக்கவில்லை.

துறைக்குள் வந்துவிட்டால் கோபமெல்லாம் போய்விடும். கார் கதவுகள் எல்லாம் பின்புறம்தான். நீரைப் பின்னால் பீச்சிக் கப்பலைத் தள்ளும் வாட்டர்ஜெட் நான்கு, அதன் வாயை மறிக்கும் பக்கெட்டை இறக்கினால் தாரை முன்பக்கம் திரும்பிப் பாயும். ஒரு உடலில் முன்தள்ளல், மறு உடலில் பின்தள்ளல் என்று கொடுத்தால் அத்தனை பெரிய கப்பல் நின்ற இடத்திலேயே சுழன்று, பின்பக்கமாகவே துறையில் போய்ப் பொருந்தும். கார்கள் உள்ளே போய், அரைவட்டம் அடித்து, இறங்கும்போது முகம் வெளியே பார்த்தபடி நிற்கும். எவரும் ரிவர்ஸ் எடுக்க வேண்டாம். அரை மணி நேரத்தில் இறக்கி ஏற்றிக் கிளம்பிவிடலாம்.

அந்தத் துறை மேடையை இந்தக் கப்பலுக்கென்றே கட்ட வேண்டியிருந்தது. அதனால் வேறு ஊருக்கு மாற்றுவதும் கஷ்டம், பழையதாக விற்பதும் கஷ்டம். இந்த வகையில் ஓடியவை மூன்று கப்பல்கள். டிஸ்கவரி 2007 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்விச் வழியிலிருந்து விலகியது. வாயேஜர் 2011இல் நின்று, சுவீடனில் உடைக்கப்பட்டது. 1996இல் முதலில் இறங்கிய எக்ஸ்ப்ளோரர் 2014 வரை தாக்குப்பிடித்து, பிறகு துருக்கியில் அலுவலகமானது.

இத்தனை சொன்ன பிறகும், குடும்பத்தோடு காரில் ஐரிஷ் கடலைக் கடக்க இதைவிட நல்ல கப்பல் ஓடியதில்லை என்றே சொல்வேன். டர்பைனை எடுத்துவிட்டு டீசல் வைத்து, அதே பின்கதவு ஏற்பாட்டோடு இன்னொன்று கட்டியிருக்க வேண்டும்.